பாம்பு இரையைக் கக்கிவிட்டதா? அடுத்த இரண்டு வாரம் என்ன செய்வது

மார்கழி விடியலில் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். இரண்டு நாள் முன்பு விழுங்கிய எலி முடி கழன்று, ஈரமாக, நீண்டுபோய்த் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. எங்கள் பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை), கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் சுருண்டிருந்தது. மன்னார்குடியில் அந்த இரண்டு இரவும் மின்சாரம் போய்ப் போய் வந்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒரு தடவை அணைந்தது, அப்புறம் தானாக எழவில்லை. நான் கவனிக்கவில்லை.

பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். சூடு குறைந்தால் செரிமானம் நின்றுபோகும். உள்ளே இருக்கும் எலி அழுக ஆரம்பிக்கும். அதை வெளியே தள்ளுவதைத் தவிர பாம்புக்கு வேறு வழியில்லை.

தொடங்கும் முன் ஒன்று. இது வெளிநாட்டுப் பாம்பை முறையாகப் பதிவு செய்து வளர்ப்பவர்களுக்கான குறிப்பு. நம் வயல் வரப்பில் ஓடும் சாரை, தண்ணீர்ப் பாம்பு, நல்ல பாம்பு எதையும் வீட்டில் வைக்க 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்காது. பால் பைத்தான் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதையும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

படி 1: விழுங்கத் திணறுகிறதா என்று பாருங்கள்

விழுங்கும்போது வாயின் அடியில் ஒரு சிறு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பயப்படாதீர்கள், அது மூச்சுக்குழாயின் வாய். இரை வாயை அடைத்திருக்கும்போதும் பாம்பு மூச்சு விடுவது அதன் வழியாகத்தான். விழுங்கி முடித்துக் கொட்டாவி விடுவதும் இயல்பு. தாடையைச் சரிசெய்துகொள்கிறது.

பாதியில் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை, இழுத்தால் வாய் கிழியும். விளக்கை அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இரை பெரிதென்றால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். ஆனால் வாய் ஓரத்தில் தயிர்க்கட்டி போல் சீழ், ஈறு சிவப்பு, மூச்சில் கரகரப்பு, எச்சில் குமிழி, இவற்றில் எது தெரிந்தாலும் அது வாய்ப்புண்ணோ சளித் தொற்றோ ஆகலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

படி 2: கக்கியதைத் தூக்கி எறியாதீர்கள்

முதலில் போட்டோ எடுங்கள். எலி முழுசாக இருக்கிறதா, பாதி கரைந்திருக்கிறதா, எத்தனை நாள் கழித்து வந்தது, எல்லாம் குறித்து வையுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போவதாக இருந்தால் இரண்டு பையில் கட்டி, ஐஸ் போட்ட டப்பாவில் எடுத்துப் போகலாம். பெட்டியைக் கழுவி விரிப்பை மாற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், குழந்தைகளைப் பக்கத்தில் விட வேண்டாம்.

படி 3: பட்டினி போடுங்கள்

இதுதான் முக்கியம், இதுதான் கஷ்டமும். ஐயோ, வயிறு காலியாகிவிட்டதே என்று மறுநாளே இன்னொரு எலியை நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள். கக்கும்போது வயிற்று அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். செரிக்க வைக்கும் நீரும் நல்ல கிருமிகளும் குறைந்திருக்கும். உடனே கொடுத்தால் மறுபடி கக்கும், ஒவ்வொரு தடவையும் உடம்பு இளைக்கும். லங்கணம் பரம ஔஷதம் என்பது இங்கே அப்படியே பொருந்தும். குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினான்கு நாள். நல்ல உடம்புள்ள, வளர்ந்த பால் பைத்தானுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

தண்ணீர் மட்டும் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். எங்கள் அப்பாயி, "கொஞ்சம் பாலாவது ஊத்துடா தம்பி" என்றார். திருநாகேஸ்வரத்தில் பாலாபிஷேகம் பார்த்து வளர்ந்த மனசு, அக்கறையில் சொன்னது. ஆனால் பாம்புக்குப் பால் செரிக்காது. பாலும் எண்ணெயும் வாயில் ஊற்றவே கூடாது.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்

முதலில் சூடு. கை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது, டிஜிட்டல் வெப்பமானியின் முனையைப் பாம்பு படுக்கும் இடத்திலேயே வையுங்கள். சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. பெட்டிக்குச் சூடு தரும் ஹீட் பேடை (heat pad) இன்வெர்ட்டரில் இணையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் இரையைத் தள்ளிப் போடுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நம் பக்கம் எத்தனையோ ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை.

அடுத்தது கை. இரை எடுத்த பாம்பு போலக் கிடக்கிறான் என்று சும்மாவா சொன்னார்கள்? அது அசையாமல் கிடக்க வேண்டிய நேரம். இரண்டு நாளாவது தொடாதீர்கள்.

அப்புறம் எலி. பாம்பின் உடம்பு மிகத் தடித்திருக்கும் இடத்தைவிட எலி தடிமனாக இருக்கக் கூடாது. உறைந்த எலி என்றால் இரவு முழுக்க ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, பிறகு பையோடு வெந்நீரில் போடுங்கள். எலியின் வயிற்றை அழுத்திப் பாருங்கள். நடுவில் கெட்டியாக இருந்தால் இன்னும் உறைந்திருக்கிறது. மைக்ரோவேவ் வேண்டாம்.

படி 5: மறுபடி கொடுப்பது

வழக்கமான அளவில் பாதி. அது செரித்து எச்சம் வந்த பிறகு அடுத்ததும் சிறிதாகவே. மூன்றாவது அல்லது நான்காவது இரையில் பழைய அளவுக்கு வரலாம். வாரம் ஒருமுறை சமையல் தராசில் எடை போட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாம் முறை கக்கினால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். புது எச்சத்தோடு மருத்துவரிடம் போங்கள், குடல் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உடம்பின் நடுவில் வீக்கம் தெரிந்தால் முதல் முறையே போய்விடுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பாம்பைத் தலையணை உறையில் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டு போகலாம்.

எங்கள் பாம்புக்குப் பதினைந்தாம் நாள் ஒரு சின்னச் சுண்டெலி கொடுத்தேன். ஐந்து நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை, வெப்பமானியை மட்டும் காலையிலும் இரவிலும் பார்த்தேன். ஆறாம் நாள் சட்டிக்குப் பின்னால் எச்சம் கிடந்தது. அப்பாயியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.