வண்டி உதறுகிறதா? என்ஜின் மவுண்டை வீட்டிலேயே மாற்றலாம்

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் கை நடுங்குகிறது. ஏசி போட்டால் டாஷ்போர்டு முழுக்கக் கடகடக்கிறது. கிளட்சை விட்டுக் கிளம்பும்போது கீழே எங்கேயோ 'டொக்' என்று ஓர் அடி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என்ஜின் மவுண்டைச் சந்தேகப்படலாம். எனக்கு இப்படி வந்தபோது ஒரு ஒர்க் ஷாப்பில் கிளட்ச் செட்டையே மாற்றச் சொன்னார்கள். கிளட்சில் ஒன்றுமே இல்லை. வலப்பக்க மவுண்டின் ரப்பர்தான் பிளந்து கிடந்தது.

கடையில் இதை 'ஃபவுண்டேஷன்' என்றும் 'மவுண்டிங்' என்றும் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான். இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே ஒட்டவைத்த ரப்பர். ஒரு பக்கம் என்ஜினோடு சேரும், மறுபக்கம் பாடியோடு. சில கார்களில் ரப்பருக்குள் திரவமும் இருக்கும். அது உடைந்தால் மவுண்டைச் சுற்றி ஈரம் தெரியும்.

இங்கே நான் சொல்வது வேகன் ஆர், ஆல்ட்டோ கே10 மாதிரியான சின்னக் கார்களுக்கு. என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், முன் சக்கரம் இழுக்கும். இந்த அமைப்பில் வழக்கமாக மூன்று மவுண்ட்: வலப்பக்கம் டைமிங் செயின் பக்கத்தில் ஒன்று, இடப்பக்கம் கியர் பாக்ஸுக்கு ஒன்று, பின்னால் கீழே ஒன்று. பக்கத்து இரண்டும் எடையைச் சுமக்கின்றன. பின்னால் இருப்பதன் முக்கிய வேலை, என்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடித்துக்கொள்வது.

முதலில் மவுண்ட்தானா என்று பாருங்கள்

3 சிலிண்டர் என்ஜின் புதிதாக இருந்தாலும் கொஞ்சம் உதறத்தான் செய்யும். ஐடிலில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஓடுகிறது என்றால் விநாடிக்கு 20 முறை உள்ளே வெடிக்கிறது. அந்த உதறல் பாடிக்கு வராமல் விழுங்குவதுதான் ரப்பரின் வேலை. ஆனால் ஸ்பார்க் பிளக் பழசானாலும், என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி அழுக்கானாலும் இதே நடுக்கம் வரும். என்ஜின் சீராக ஓடாமல் இடையிடையே விக்கினால் மவுண்டைத் தொடாதீர்கள், பிளக்கைப் பாருங்கள். சத்தம் வண்டியின் நடுவிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்தால் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பராக இருக்கலாம். அது ஐந்து நிமிட வேலை.

சரி, சோதனை. பானெட்டைத் திறந்து வையுங்கள். நம்பிக்கையான ஒருவரை உள்ளே உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டே, முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை மட்டும் மெல்ல விடச் சொல்லுங்கள். அப்புறம் ரிவர்ஸில் அதே மாதிரி. நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் லேசாகச் சாய்வது இயல்பு. ஒரேயடியாக எழும்பி 'டக்'கென்று விழுந்தால் ரப்பர் போய்விட்டது. எஞ்சினை அணைத்த பிறகு டார்ச் அடித்து ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாமான்கள்

12, 14, 17 மில்லிமீட்டர் சாக்கெட், நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், டார்க் ரெஞ்ச் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவுவது), ட்ராலி ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், ஒரு சின்னக் கடப்பாரை, துரு இளக்கும் ஸ்ப்ரே, ஓர் அடி நீள மரப்பலகை. ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கி இதற்குப் போதாது. ஜாக் ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் கல்லை வைக்கவே வைக்காதீர்கள். முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாகிவிடும்.

மவுண்டைப் புதிதாகவே வாங்குங்கள். சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கதவு, லைட், கண்ணாடி எல்லாம் தாராளமாக வாங்கலாம். பழைய ரப்பரை வாங்கினால் இன்னொருவர் வண்டியின் வயதைத்தான் வாங்குகிறீர்கள். பாலியூரித்தேன் மவுண்ட் உறுதியானது, ஆனால் உதறலை விழுங்காது. வீட்டு வண்டிக்கு வேண்டாம்.

மேல் மவுண்ட்கள் (வலது, இடது)

என்ஜின் நன்றாக ஆறட்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். போல்ட்களில் ஸ்ப்ரே அடித்துவிட்டு டீ குடிக்கப் போங்கள். அவசரப்பட்டுப் பழைய போல்ட்டின் தலையை உருட்டிவிட்டால் அன்றைய நாள் அதோடு போச்சு.

வழியில் நிற்கும் ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரித் தட்டு போன்றவற்றை எடுத்து வையுங்கள். மவுண்ட் பாடியில் உட்கார்ந்திருக்கும் விளிம்பைச் சுற்றிப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு போட்டோவும் எடுத்து வைத்தால் நல்லது.

வலது மவுண்டுக்கு, என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சேம்பருக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியைக் கொடுங்கள். பலகை இல்லாமல் கொடுத்தால் சேம்பர் தகடு உள்ளே நசுங்கிவிடும். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட் மேலும் பலகை படக் கூடாது. இடது மவுண்டுக்கு கியர் பாக்ஸின் அடியில், அதே மாதிரி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மவுண்ட்தான். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் என்ஜின் ஜாக்கி மேல் தள்ளாடும்.

இந்த வேலையின் சூட்சுமமே ஜாக்கியில்தான். என்ஜினைத் தூக்க வேண்டாம், எடையை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். ஜாக்கியை மெல்ல ஏற்றிக்கொண்டே மவுண்டைப் பாருங்கள். நசுங்கியிருந்த ரப்பர் நிமிரத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இப்போது போல்ட்டை இளக்கினால் சிரமமில்லாமல் சுழன்று வரும். பாதி வந்து இறுகினால் எடை இன்னும் போல்ட்டில்தான் தொங்குகிறது. ரெஞ்சோடு மல்லுக்கட்டாமல் ஜாக்கியைக் கால் அங்குலம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். அதற்கு மேல் ஏற்ற நேர்ந்தால் ரேடியேட்டர் ஹோஸ், ஏசி குழாய், ஒயர், சைலன்சர் குழாய் எதுவும் இழுபடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதியதை வைக்கும்போதும் இதே விதி. துளைகள் நேருக்கு நேர் வரவில்லை என்றால் போல்ட்டை வைத்து இழுக்கக் கூடாது. பல பிராக்கெட்டுகளில் மரை அலுமினியத்தில் இருக்கும். ஒரு தடவை கோணலாக ஏறினால் மரை போய்விடும். ஜாக்கியால் உயரத்தையும், கடப்பாரையால் என்ஜினை லேசாகத் தள்ளிப் பக்கவாட்டையும் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு போல்ட்டும் விரலாலேயே நான்கைந்து சுற்று போக வேண்டும். எல்லாம் விரலால் ஏறிய பிறகு ஜாக்கியை இறக்கி, எடை ரப்பரில் உட்கார்ந்ததும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள்.

வலது மவுண்ட் எண்ணெயில் ஊறிக் கிடந்தால், மேலே டாப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி) பேக்கிங்கிலிருந்து ஆயில் வழிகிறதா என்று பாருங்கள். ரப்பருக்கு ஆயில் எமன். கசிவை நிறுத்தாமல் புது மவுண்ட் போட்டால் அதுவும் ஊறிப்போகும்.

பின் மவுண்ட்

இதற்கு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, மேனுவலில் காட்டிய இடங்களில் ஜாக் ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். வண்டியை ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மட்டும் அடியில் போங்கள். பலகை வைத்த ஜாக்கியை கியர் பாக்ஸுக்கு லேசாக முட்டுக் கொடுத்துவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள்.

போல்ட்டை இங்கே உடனே இறுக்காதீர்கள். வண்டி கியரில் நிற்கிறது என்பதால் முதலில் நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். பின் சக்கரக் கட்டைகளும் ஹேண்ட் பிரேக்கும் அப்படியே இருக்கட்டும். முட்டு ஜாக்கியை எடுத்துவிட்டு என்ஜினைக் கையால் இரண்டு தடவை ஆட்டி, அது தானாக நிற்கும் இடத்தில் நிற்கவிட்டு, பிறகு இறுக்குங்கள். ரப்பர் முறுக்கிய நிலையில் இறுக்கினால் மூன்றும் புதிதாக இருந்தும் நடுக்கம் போகாது. வேலையெல்லாம் முடிந்தும் 'ஒன்றும் மாறவில்லையே' என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பேட்டரியை மாட்டி, கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஏசி போட்டுப் பாருங்கள். முன்பு செய்த முதல் கியர், ரிவர்ஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். புது ரப்பர் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், முதல் சில நாள் மெல்லிய அதிர்வு தெரிந்தால் பயப்பட வேண்டாம். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள். நடுவில் மறுபடி 'டொக்' கேட்டால் முதலில் பின் மவுண்டுக்குப் போங்கள். நான் இறுக்க மறந்தது அந்தப் போல்ட்டைத்தான்.