எஸ்ஏடி மதிப்பெண் அனுப்பாமல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளம் திறந்தவுடன், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது கட்டுரையைப் பற்றியல்ல; கல்லூரிச் சேர்க்கைக்காக எழுதும் எஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவதா, விடுவதா என்பதைப் பற்றித்தான். விண்ணப்பிப்போருக்கு வழிகாட்டும் இப்பணியை நான் தொடங்கிய காலத்தில் நடந்த பிழைகளே புதிதாக விண்ணப்பிப்போரிடம் அப்படியே திரும்ப நடப்பதைப் பார்த்து இதை எழுதுகிறேன். கடைசித் தேதி, எழுத்துப்பிழை போன்ற எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லா இடத்திலும் ஒரே விதி என்று எண்ணுவது

மெய்ன் மாநிலத்தின் போடின் கல்லூரி 1969இலேயே மதிப்பெண் அனுப்புவதை மாணவரின் விருப்பத்துக்கு விட்டது. 2020இல் பெருந்தொற்றால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பெரும்பாலான கல்லூரிகள் அதே வழிக்கு வந்தன. அதன்பின் பாதைகள் பிரிந்துவிட்டன. எம்ஐடி 2022இலும், டார்ட்மத், பிரவுன், ஹார்வர்டு ஆகியவை 2024இலும் தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன. அதே ஆண்டில் யேல், எஸ்ஏடி, அதையொத்த ஏசிடி ஆகிய தேர்வுகளுக்குப் பதிலாக, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்களான ஏபி அல்லது ஐபி தேர்வுகளின் மதிப்பெண்களையும் ஏற்பதாக அறிவித்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களோ சேர்க்கை முடிவில் எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை, அனுப்பினாலும் அந்த முடிவுக்குப் பயனில்லை. ஆகவே அண்ணனோ அக்காவோ சேர்ந்த ஆண்டின் விதியை நம்பாமல், தாங்கள் சேரப்போகும் ஆண்டுக்கான விதியை ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்திலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வெளியிடப்பட்ட மதிப்பெண் வரம்பை நுழைவாயிலாகக் கொள்வது

இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். கல்லூரிகள் தங்கள் மாணவர்களின் எஸ்ஏடி மதிப்பெண்களில் நடுப்பாதியினரின், அதாவது மேல்கால் பகுதியையும் கீழ்க்கால் பகுதியையும் நீக்கியபின் எஞ்சுவோரின், வரம்பை வெளியிடுகின்றன. 1470 முதல் 1550 வரை என்று அது இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1430 பெற்ற பிள்ளை அதைப் பார்த்த மறுகணமே, தன் மதிப்பெண் தகுதிக்குக் கீழே இருப்பதாக முடிவு செய்து அதை மறைத்துவிடுகிறது.

அந்த வரம்பு யாருடையது என்று கேட்பவர் மிகக் குறைவு. அது சேர்ந்த மாணவர் அனைவருடையதும் அன்று. சேர்ந்தவர்களில் மதிப்பெண் அனுப்பியவர்களுடையது மட்டுமே. ஆயிரம் பேர் சேர்ந்த வகுப்பில் நானூறு பேர் அனுப்பியிருந்தால், அந்த நானூறு பேரில் கீழ்க்கால் பகுதி முடியும் இடமே 1470. அதற்கு மேல் பெற்றவர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். எஞ்சிய அறுநூறு பேரின் மதிப்பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. குறைவாகப் பெற்றதாக எண்ணுவோர் அனுப்பாமல் விடுவதால் அடுத்த ஆண்டின் வரம்பு இன்னும் உயரத் தோன்றுகிறது. அதைப் பார்த்து இன்னும் பலர் விடுகிறார்கள். கல்லூரிகள் வெளியிடும் காமன் டேட்டா செட் என்னும் ஆவணத்தின் சி9 பகுதியில், எத்தனை சதவீதத்தினர் அனுப்பினர் என்ற எண்ணும் இருக்கும். வரம்பை அந்த எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இரண்டாவதாக, சேர்க்கை அலுவலர் மதிப்பெண்ணைத் தனியாகப் படிப்பதில்லை. பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் அனுப்பும் பள்ளி விவரக்குறிப்பில் அங்கு நடத்தப்படும் பாடங்களும், பல பள்ளிகளில் மாணவர்களின் எஸ்ஏடி சராசரியும் இருக்கும். பெரும்பாலோர் ஆயிரத்தைச் சுற்றி எடுக்கும் பள்ளியிலிருந்து வரும் 1430 வேறு; பயிற்சி வகுப்புகள் நிறைந்த வசதியான ஊரின் பள்ளியிலிருந்து வரும் 1430 வேறு. டார்ட்மத் கல்லூரி தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியபோது முன்வைத்த காரணங்களுள் முக்கியமானது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்தவர்கள் தங்களுக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்களையே மறைத்துவிட்டார்கள் என்பதாகும்.

நான் வழிகாட்டிய மாணவர் ஒருவர் அப்படிச் சராசரி குறைந்த பள்ளியில் படித்தவர். ஏபி பாடங்கள் இரண்டே நடத்தப்பட்ட இடம், இரண்டையும் எடுத்திருந்தார். கணிதத்தில் 760 பெற்றும், மொத்தம் வரம்புக்குக் கீழே இருந்ததால், உறவினர் ஒருவரின் பேச்சைக் கேட்டு எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பாமலே விண்ணப்பித்தார். அவர் விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண் அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேள்விப்பட்டிராத பள்ளியின் 4.0 ஜிபிஏ, அதாவது வகுப்புத் தரங்களின் சராசரி, எவ்வளவு கனமானது என்பதை நிறுவக்கூடிய ஒரே ஆதாரத்தை அவர் தாமே எடுத்துவிட்டார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

மதிப்பெண் வரம்புக்கு வெகு கீழே இருந்து, வகுப்புத் தரங்கள் மிக வலுவாக இருந்தால் அனுப்பாமல் விடுவதே சரி. பொறியியலுக்கு விண்ணப்பிப்பவரின் கணித மதிப்பெண் மிகவும் தாழ்ந்திருந்தாலும் அப்படியே. சிறிது கீழே இருக்கும்போது பள்ளிச் சராசரியை முதலில் கேட்டறிந்து, கல்லூரிக்குக் கல்லூரி தனியாக முடிவெடுங்கள். சிலவற்றுக்கு அனுப்பி, சிலவற்றுக்கு அனுப்பாமல் விடுவதில் எந்தத் தவறும் இல்லை.

அனுப்பாததற்குக் கட்டுரையில் காரணம் சொல்வது

தேவையில்லை. அந்த இடத்தில் உங்களைப் பற்றி எழுதுங்கள்.

கடைசி ஆண்டில் பாடங்களை இலகுவாக்குவது

மதிப்பெண் இல்லாத விண்ணப்பத்தில் அதன் எடை வகுப்புத் தரங்களின் மேலும், எடுத்த பாடங்களின் கடினத்தின் மேலும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதத்தின் மேலும் விழுகிறது. தேர்விலிருந்து விடுபட்டோம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்தைக் கைவிடுவோரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அறிவியல் படிக்க விரும்புவோருக்கு அது பெரும் பாதிப்பு.

மறைத்த மதிப்பெண் வேறு வழியில் போய்ச் சேர்வது

சில பள்ளிகள் மதிப்பெண் பட்டியலிலேயே எஸ்ஏடி முடிவை அச்சிடுகின்றன. கவுன்சிலரிடம் முன்கூட்டியே கேட்டு நீக்கச் சொல்லுங்கள்; பரிந்துரைக் கடிதத்திலும் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தேர்வையும் விட்டுவிடுவது

டோஃபல், ஐஇஎல்டிஎஸ் ஆகியவற்றுக்கான விதி வேறு. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிப்போர் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உதவித்தொகையின் விதியைப் பார்க்காமல் விடுவது

சேர்க்கைக்கு மதிப்பெண் வேண்டாம் என்பதால் பணத்துக்கும் வேண்டாம் என்று பொருளாகாது. ஃபுளோரிடா மாநிலத்தின் பிரைட் ஃப்யூச்சர்ஸ் உதவித்தொகையில் முதன்மையான இரண்டு பிரிவுகளுக்கும் எஸ்ஏடி, ஏசிடி போன்ற தேர்வு மதிப்பெண் தேவை. எனவே சேர்க்கை விதியைப் படிக்கும் நாளிலேயே உதவித்தொகைப் பக்கத்தையும் படித்து, ஐயம் இருந்தால் நிதியுதவி அலுவலகத்துக்கு மாணவரே தம் பெயரில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்ற பிறகே விண்ணப்பத்தில் மதிப்பெண் அனுப்புவதா என்ற கேள்விக்கு விடையளிக்க வேண்டும்.