நிலைமை நிச்சயமில்லாத நேரத்தில் வீடு வாங்குவதா, வேண்டாமா? டர்பனில் நாங்கள் முடிவெடுத்த முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாங்கள் இரண்டு முறை வீடு வாங்க முயன்றோம். 2020 பிப்ரவரியில் கையெழுத்திட்ட முதல் முயற்சி, வீடும் கிடைக்காமல் 48,000 ராண்ட் நஷ்டத்தில் முடிந்தது. 2025 செப்டம்பரில் கையெழுத்திட்ட சாட்ஸ்வர்த் வீடு, அதே ஆண்டு டிசம்பரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் எங்கள் பெயருக்கு மாறியது. முதல்முறை நாட்டு நிலைமையைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. இரண்டாம் முறை செய்தியைத் திறந்தால் அமெரிக்க வரியும் ஆட்குறைப்பும்தான். ஆயினும் இரண்டாவதுதான் நிம்மதியாக முடிந்தது. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை, முதல் வீடு தேடுகிறவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். முன்பணம் ஓரளவு சேர்ந்திருக்கிறது, கடன் பதிவில் கறை இல்லை என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

முதல் படி: வட்டியை ஏற்றிக் கணக்கிடுங்கள்

வங்கி சொல்லும் இன்றைய தவணையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 2021-இல் பிரைம், அதாவது வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி, 7 சதவீதமாக இருந்தபோது என் தங்கை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் வீடு வாங்கினாள். 2023 மே மாதத்தில் அதே பிரைம் 11.75 ஆனது. 10 லட்சம் ராண்ட் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், 7 சதவீதத்தில் மாதத் தவணை 7,753 ராண்ட், 11.75-இல் 10,837 ராண்ட். இரண்டு ஆண்டுக்குள் மாதம் மூவாயிரம் கூடுதலாக எங்கிருந்து வரும் என்று அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். என் மாமனாரோ 1998-இல் பிரைம் 25.5 வரை போனதைக் கண்ட தலைமுறை, அவரிடம் 11.75 என்று சொன்னால் சிரிப்பார்.

நாங்கள் எங்களுக்கான சோதனை வட்டியை 13.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். 10 லட்சத்துக்கு அது 12,074 ராண்ட் வரும். வங்கிகளின் இணையக் கணிப்பான்கள் எனக்குப் பிடிப்பதில்லை, ஏனெனில் அவை எப்போதும் உங்களால் எவ்வளவு வாங்க முடியும் என்றே சொல்லும், எவ்வளவில் நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. கூகுள் ஷீட்ஸில் மாதத் தவணையைக் கணக்கிடும் பி.எம்.டி. (PMT) என்ற சூத்திரம் போதும். வட்டியைப் பன்னிரண்டால் வகுத்துப் போட மறந்துவிடாதீர்கள், நான் மறந்துவிட்டு ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

தவணையோடு ரேட்ஸ் என்ற மாநகராட்சிச் சொத்து வரி, தண்ணீர், வீட்டுக் காப்பீடு, அடுக்குமாடி என்றால் லெவி என்ற மாதப் பராமரிப்புக் கட்டணம், இவற்றையும் சேருங்கள். விற்பவரிடம் கடைசி மூன்று மாத மாநகராட்சி பில்லைக் கேட்டு வாங்குவது மரியாதைக் குறைவான செயல் அல்ல. காப்பீட்டில் சஸ்ரியா, அதாவது கலவரச் சேதத்துக்கான தனிக் காப்பீடு, சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கலவரச் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்காது, 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இவையெல்லாம் சேர்ந்து எங்கள் கணக்கு மாதம் 15,000 ராண்டில் வந்து நின்றது.

இரண்டாம் படி: வாங்காமலே ஆறு மாதம் கட்டுங்கள்

எங்கள் வாடகை 7,000 ராண்ட். 2025 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, வாடகை போக மீதி 8,000 ராண்டைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றினோம். 32 நாள் முன்னறிவிப்பு தந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற வகைக் கணக்கையே நான் பரிந்துரைப்பேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பணம் சேமிப்பு ஆகாது. ஜூன் மாதத்தில் காரின் கிளட்ச் போய்விட, அந்த மாதம் 5,000-தான் போட முடிந்தது. அந்த ஒரு மாதம் ஆறு மாதக் கணக்கையும் விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது: வங்கி எங்கள் இருவர் சம்பளத்தையும் வைத்து 13.5 லட்சம் வரை தருவதாகச் சொல்லியிருந்தும், 10 லட்சத்துக்கு மேல் ஒரு ராண்ட் கூடக் கடன் வேண்டாம் என்று அன்றுதான் உறுதி செய்தோம்.

மூன்றாம் படி: காகிதத்தை வாசியுங்கள், பிறகு பேனாவை எடுங்கள்

நாங்கள் முதல்முறை விழுந்த இடம் இது. ஆகவே இங்கே நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஏஜென்ட் நீட்டும் வாங்குதல் விண்ணப்பம் வெறும் விலை கேட்கும் தாள் அன்று. நீங்கள் கையெழுத்திட்டு, விற்பவரும் கையெழுத்திட்டால், அது இருவரையும் கட்டும் ஒப்பந்தம். 2020-இல் எங்கள் சமையலறை மேசையில், ரொட்டி சுட்ட மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டு நான் கையெழுத்திட்டபோது இது எனக்குத் தெரியாது. "இது சும்மா ஃபார்மாலிட்டி அக்கா, பாண்ட் கிடைக்காவிட்டால் தானாக ரத்தாகிவிடும்" என்றார் அந்த ஏஜென்ட் தம்பி. அவர் சொன்னது பாதி உண்மை. பாண்ட், அதாவது வங்கி தரும் வீட்டுக் கடன், கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனை நான்காம் பக்கத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், வங்கி ஒப்புதல் கடிதம் வந்த நாளே அந்த நிபந்தனை நிறைவேறியதாகக் கருதப்படும் என்று ஒரு வரியும் இருந்தது.

ஒப்புதல் கடிதம் மார்ச் முதல் வாரத்தில் வந்தது. மார்ச் 27-இல் நாடு மூடப்பட்டது. பத்திரப் பதிவகமும் மூடப்பட்டது. மே மாதத்தில் கணவரின் தொழிற்சாலையிலிருந்து ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. வங்கியிடம் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. சொன்னவுடன் கடனை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தின்படி நிபந்தனை மார்ச்சிலேயே நிறைவேறிவிட்டது. எனவே பின்வாங்கியது நாங்கள். விற்பவரின் வழக்கறிஞர் செலவும் ஏஜென்ட் கமிஷனில் ஒரு பகுதியும் எங்கள் தலையில் விழுந்தன.

இரண்டாம் முறை, கையெழுத்துக்கு முன் 1,800 ராண்ட் கொடுத்து எங்கள் சொந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டினோம். பத்திரம் மாற்றும் வழக்கறிஞரை வழக்கமாக விற்பவரே நியமிப்பார், கட்டணம் மட்டும் நம்முடையது. அவர் நமக்காக வாசிப்பார் என்று நம்பியிருக்க வேண்டாம். மூன்று மாற்றங்கள் செய்தோம். கடன் தொகை 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது, வட்டி பிரைமுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினோம். வங்கியின் இறுதி எழுத்து ஒப்புதல் வந்தால்தான் நிபந்தனை நிறைவேறும் என்று திருத்தினோம். பத்திரம் பதிவகத்தில் தாக்கலாகும் முன் எங்களில் ஒருவருக்கு ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தால், நஷ்ட ஈடின்றி விலகலாம் என்றும் சேர்த்தோம். கடைசி வரியை ஏஜென்ட் கேட்டுச் சிரித்தார். விற்ற அம்மையார் மட்டும் "என் மகனுக்கும் அப்படித்தான் வேலை போச்சு, எழுதிக்கோ கண்ணு" என்று ஒப்புக்கொண்டார், ஆனால் பதிலுக்குப் பாண்ட் பெறும் கெடுவை 30 நாளாகக் குறைக்கச் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

கெடு என்பது கெடுதான். அந்தத் தேதிக்குள் பாண்ட் வராவிட்டால், இரு தரப்பும் விரும்பினாலும் ஒப்பந்தம் காலாவதியாகிவிடும். நீட்டிப்பு வேண்டுமானால் கெடு முடியும் முன்பே எழுத்தில் பெற வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி சரி" என்று வந்ததை நம்பியிருக்காதீர்கள். விண்ணப்பத்தை ஒரே வங்கியில் போட்டுக் காத்திருப்பதைவிட, ஊபா, பெட்டர்பாண்ட் போன்ற இடைநிலையாளர் வழியாகப் பல வங்கிகளுக்கு அனுப்புவது நல்லது. அவர்களுக்கான கமிஷனை வங்கியே தருகிறது.

நான்காம் படி: வீடு

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். சாட்ஸ்வர்த் மேடும் பள்ளமுமான இடம்; 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு, மண்ணைத் தாங்கும் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. குறைகளை விற்பவர் எழுதித் தரும் படிவம் இப்போது கட்டாயம். அதை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். ஃபுட்ஸ்டூட்ஸ், அதாவது உள்ளது உள்ளபடி என்ற வாசகம் இருந்தால், விற்பவர் தெரிந்தே மறைத்ததைத் தவிர, பிறகு கண்ட கசிவெல்லாம் உங்களுடையது. மின் சான்றிதழும், இந்தக் கடற்கரைப் பகுதியில் வழக்கமான, மரத்தைத் துளைக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழும் கேளுங்கள். பின்புறம் கட்டிய கூடுதல் அறைக்கு அனுமதி பெற்ற வரைபடம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

நாங்கள் வாங்கிய விலை 11.8 லட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் 12 லட்சத்து 10 ஆயிரம் வரை ட்ரான்ஸ்ஃபர் டியூட்டி என்ற சொத்து மாற்று வரி இல்லை என்பது உதவியது. வழக்கறிஞர் கட்டணம் இருக்கத்தான் செய்தது.

ஐந்தாம் படி: ஒரு சம்பளம் நின்றால்?

2025 ஆகஸ்ட் 7-இல் தென்னாப்பிரிக்கப் பொருட்கள் மீது அமெரிக்கா 30 சதவீத வரி விதித்தபோது, கணவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில்தான் இருந்தார். அன்று இரவு ஒரு தாளில் இதை மட்டும் எழுதினோம்: அவர் சம்பளம் நின்றால் எத்தனை மாதம்? ஆட்குறைப்பு என்றால் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம் சட்டப்படி உண்டு. புதிய தொழிற்சாலையில் அவருக்கு நான்கு ஆண்டு, ஆகவே நான்கு வாரம். முன்பணமும் வழக்கறிஞர் கட்டணமும் போன பிறகும், ஆறு மாதத் தவணைக்கான 72,444 ராண்ட் தனியே நிற்குமா என்று பார்த்தோம். நின்றது. என் பள்ளி அலுவலகச் சம்பளம் சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் போதும். தாளின் அடியில் "சரி" என்று எழுதியது அவர்தான். அந்த ஆறு மாதப் பணம் நிற்காத விலையில் ஒரு வீடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது, 14.5 லட்சம், மாமரம் கூட இருந்தது, அதை விட்டுவிட்டோம்.

நவம்பரில் பிரைம் 10.5-இலிருந்து 10.25-க்கு இறங்கியது, தவணை 9,984-இலிருந்து 9,816 ஆனது. நாங்கள் 12,074-ஐயே கட்டுகிறோம். தேவைப்பட்டால் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கலாம் என்ற வகைப் பாண்டைக் கேட்டு வாங்கியது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை: இந்தப் பதிவை வாசித்துவிட்டு டங்காட்டிலிருந்து ஓர் அக்கா எழுதினார். கையெழுத்திட்டு ஐந்து நாளுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம் என்று அண்டை வீட்டார் சொன்னார்களாம், அதனால் தான் கவலைப்படவில்லையாம். அந்த ஐந்து நாள் உரிமை நிலவிற்பனைச் சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் 2,50,000 ராண்டோ அதற்குக் குறைவாகவோ உள்ள வீடுகளுக்கு மட்டும். அவர் கையெழுத்திட்டிருந்தது 9 லட்சத்துக்கு. பாண்ட் நிபந்தனையின் கெடு முடிய இன்னும் பதினொரு நாள் இருந்ததால், ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு மறுநாளே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொன்னேன்.