பிரவுசரில் ஓட்டை என்று கேள்விப்பட்டதும் செய்யும் தவறுகள்

பிரவுசரில் பாதுகாப்பு ஓட்டை என்று செய்தி வந்தால் பலர் உடனே இன்காக்னிட்டோவுக்கு, அதாவது ஹிஸ்டரி பதியாத பிரைவேட் டேபுக்குத் தாவுகிறார்கள். பெரும்பாலும் வீண் வேலை. 2022 ஜனவரியில் வெளியே தெரியவந்த, ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி 15இன் குறையே இதற்கு நல்ல உதாரணம்.

ஒரு தளம் சேமித்து வைப்பதை இன்னொரு தளம் பார்க்கக் கூடாது என்பது பிரவுசருக்கு அடிப்படை விதி. சஃபாரி 15இல், தளங்கள் உங்கள் கருவியிலேயே தகவலைச் சேமிக்க உதவும் இன்டெக்ஸ்டு டிபி என்ற வசதி அந்த விதியை மீறியது. உள்ளே இருந்த தகவல் கசியவில்லை, சேமிப்புகளின் பெயர்கள்தான் கசிந்தன. பெயர்தானே என்று விட முடியாது. யூடியூப் உள்ளிட்ட சில கூகுள் தளங்கள் அந்தப் பெயரிலேயே பயனரின் கூகுள் அடையாள எண்ணைச் சேர்த்திருந்தன. நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்பதோடு நீங்கள் யார் என்பதையும் சம்பந்தமே இல்லாத ஒரு தளம் ஊகிக்கலாம். நீங்கள் எதையும் கிளிக் செய்யக்கூடத் தேவையில்லை.

பிரைவேட் டேபும் தப்பவில்லை. அங்கே ஒரே டேபில் அடுத்தடுத்துத் திறந்த தளங்களுக்குள் மட்டுமே கசிவு இருந்தது, அவ்வளவுதான் ஆறுதல். உங்கள் கருவியை அடுத்து எடுப்பவர் ஹிஸ்டரியைப் பார்க்காமல் தடுப்பதுதான் அந்த வசதியின் வேலை.

சரி, வேறு பிரவுசருக்கு மாறினால்? மேக் கணினியில் அது பலித்தது. ஐபோனில் பலிக்கவில்லை. அன்று ஐபோனில் குரோம், பயர்ஃபாக்ஸ் எல்லாமே பக்கங்களைத் திறந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓட வேண்டியிருந்தது, ஐகான்தான் வேறு. தளங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டை முழுவதும் நிறுத்தினால் கசிவு நிற்கும், பாதி இணையமும் நின்றுவிடும்.

பயத்தில் ‘பாதுகாப்பு’ எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்) தேடுவது இன்னும் மோசம். எல்லாத் தளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அது அனுமதி கேட்டு, நீங்களும் கொடுத்தால், அந்த ஓட்டையில் கசிந்ததைவிட அதிகமாக நீங்களே கொடுக்கிறீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு அப்டேட்டைத் தள்ளிப்போடுவதுதான். சஃபாரி குறைக்கு அதே மாதம் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15.3இல் தீர்வு வந்தது. தீர்வு வெளியானதும், ஓட்டை எங்கே இருந்தது என்பதை யாரும் அதைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அப்புறம் மாட்டுவது பழைய பதிப்பில் இருப்பவர்கள்தான். கணினியில் குரோம் தானாகவே அப்டேட்டை இறக்கிக்கொள்ளும், ஆனால் மூடித் திறந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். டேப்கள் போய்விடுமோ என்று வாரக்கணக்கில் மூடாமலே வைத்திருப்பவர்கள் உண்டு. ஐபோனில் சஃபாரிக்கு ஆப் ஸ்டோரில் தனி அப்டேட் வராது. செட்டிங்ஸில் ஜெனரல், அதில் சாஃப்ட்வேர் அப்டேட் என்று போய்ப் பார்க்க வேண்டும்.