பழைய வால்வு ரேடியோவா? உடனே பிளக்கைச் சொருகாதீங்க!

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடையில் வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தின, கண்ணாடி வால்வில் ஓடுறது) வாங்கினீங்களா? ஆசையில் உடனே கரண்ட் கொடுத்துடாதீங்க. பின்பக்க அட்டையைக் கழற்றி, உள்ளே ஓடுற வயரை லேசா வளைச்சுப் பாருங்க. ரப்பர் உறை முறுக்கு மாதிரி நொறுங்கினா எல்லாத்தையும் மாத்தணும். போட்டோ எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணா. நான் ஒருமுறை மொத்தமா வெட்டிப்போட்டு ரெண்டு வாரம் முழிச்சேன்.

அப்புறம் 60 வாட்ஸ் குண்டு பல்பை சீரிஸில், அதாவது ரேடியோவுக்குப் போற கரண்ட் பல்பு வழியா போற மாதிரி போட்டு ஆன் பண்ணுங்க. எல்இடி ஆகாது. பல்பு பளிச்சுனு எரிஞ்சு மங்கினா நல்ல சகுனம். முழு வெளிச்சத்திலேயே நின்னா உள்ளே ஷார்ட். முதல் சந்தேகம் ஃபில்டர் கண்டென்சர் (கரண்ட்டைச் சேமிச்சு சீராக்குற பாகம்) மேலதான். அணைச்ச பிறகும் அதில் 200, 300 வோல்ட் தேங்கி நிக்கும். அதோட ரெண்டு முனைக்கும் நடுவில் 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டரை வச்சு அந்த வோல்ட்டை இறக்கி, மீட்டரில் பார்த்துட்டுத்தான் கை வைக்கணும்.