குகைச் சுவரின் கைத்தடத்தை வீட்டில் ஊதிப் பார்ப்பது எப்படி?

அர்ஜென்டினாவின் தெற்கே, பதகோனியாவில், பிந்தூராஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு குகை இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதை 'கைகளின் குகை' என்றே அழைக்கிறார்கள். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என நூற்றுக்கணக்கான கைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரை நிறைத்திருக்கின்றன. அவற்றில் பழையவற்றுக்கு வயது 9,000 ஆண்டுகளுக்கும் மேல். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலும், பிரான்ஸ் நாட்டுக் குகைகளிலும் இதே போன்ற கைகள் உண்டு. ஒருவரையொருவர் பார்த்தே இராத மனிதர்கள், ஒரே முறையில் செய்தவை.

இவை கையில் சாயம் பூசிச் சுவரில் பதித்த அச்சுகள் அல்ல. கையைச் சுவரில் வைத்து, அதைச் சுற்றிச் சாயத்தை ஊதி, பிறகு கையை எடுத்துவிடுவார்கள். சாயம் படாத இடம்தான் கை. பார்க்க எளிதாகத்தான் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன், செய்து பார்க்கும் வரை.

முதலில் காவி

நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் கேளுங்கள். 100 கிராம் போதும். கோலத்துக்கு விற்கும் காவிப்பொடியில் சில நேரம் வேறு சாயம் கலந்திருக்கும், அதனால் கல்லாகவே வாங்குவது நல்லது. அதன் சிவப்புக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. வெயிலில் வெளுக்காது, அழுகாது. அதனால்தான் இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நிற்கிறது.

அரைக்கச் சமையல் அம்மியை எடுக்க வேண்டாம். சொரசொரப்பான கருங்கல் துண்டு ஒன்றில், சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து, சந்தனம் இழைப்பது போல இழையுங்கள். காய்ந்த தூளாக இடித்தால் மூக்கில் ஏறும். இழைத்ததைத் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மணல் மணலாக ஒரு துகள் இருந்தாலும் பிறகு குழாயை அடைத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு முறை அடைத்தது. மூன்றாம் முறை துணியை நான்காக மடித்து வடிகட்டிய பிறகுதான் சரியானது.

பதம் பால் போல இருக்க வேண்டும். தயிர் போல இருந்தால் குழாயில் ஏறாது, நீர்மோர் போல இருந்தால் சுவரில் ஒழுகிவிடும்.

இந்த வேலைக்கும் நீண்ட வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் இரண்டு பெரிய கடற்சிப்பிகள் கிடைத்தன. உள்ளே காவி, கரி, எலும்புக் கொழுப்பு எல்லாம் சேர்ந்த குழம்பு ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே அரைத்த கற்களும் இருந்தன. வயது சுமார் 1,00,000 ஆண்டுகள். அங்கே யாரோ உட்கார்ந்து, பதம் பார்த்து, கலந்து வைத்திருக்கிறார்கள்.

குழாய்

பறவையின் எலும்பு உள்ளே வெற்றாக இருக்கும், அந்தக் காலத்தில் அதுவே குழாய். நமக்குப் பப்பாளி இலைக் காம்பு போதும். மெலிந்த காம்பாகப் பார்த்து வெட்டி, பால் போகக் கழுவிக் காயவிடுங்கள். காகித ஸ்டிராவும் சரி. விரல் நீளத்தில் இரண்டு துண்டு வேண்டும்.

ஒன்றைச் சாயத்தில் நேராக நிறுத்துங்கள். இன்னொன்றை வாயில் வைத்து, அதன் முனை நிற்கும் குழாயின் வாயை ஒட்டி, செங்கோணமாக இருக்கும்படி பிடியுங்கள். இப்போது ஓங்கி ஊதினால், மேலே ஓடும் காற்றினால் அங்கே அழுத்தம் குறைந்து, சாயம் ஏறி வந்து சாரலாகத் தெறிக்கும். கிண்ணத்தில் சாயம் நிறைய இருக்கட்டும். மட்டம் இறங்கினால் ஏற்றுவதற்கு மூச்சு போதாது.

ஆய்வாளர் மிஷேல் லோர்பிளான்ஷே, பிரான்ஸின் பெஷ் மெர்ல் குகையில் உள்ள புள்ளிக் குதிரைகளை மறுபடி வரைந்து பார்த்தபோது சாயத்தை வாயிலேயே மென்று துப்பினார். நீங்கள் அதைச் செய்யவே வேண்டாம். கடைக் காவியில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. ஊத மட்டும் செய்யுங்கள், உறிஞ்சக் கூடாது.

கையை வைப்பது

கெட்டியான சொரசொரப்புக் காகிதம், பழைய அட்டைப்பெட்டி, மண்சுவர், எதுவானாலும் சரி. பாறை ஓவியம் உள்ள இடத்திலோ, பழைய கட்டடத்திலோ, மலைப் பாறையிலோ ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே ஒரு துளி தெறித்தாலும் திரும்பச் சரிசெய்ய முடியாத சேதம்.

அட்டையைச் சுவரில் ஒட்டி, இடக்கையை விரல் விரித்து அழுத்துங்கள். விரலுக்கும் அட்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் ஓரம் மங்கிவிடும். ஒரு சாண் தள்ளியிருந்து, விரல் இடுக்குகளில் தொடங்கி ஊதுங்கள். ஒரே இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் சுற்று வெளிறித்தான் தெரியும். சற்றே உலரவிட்டு மூன்று நான்கு சுற்று ஊதினால் சிவப்பு ஏறும். பிறகு கையை இழுக்காமல் நேராக எடுங்கள்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்தது. இடக்கை சுவரில். வலக்கை குழாயில். அப்படியானால் கிண்ணத்தைப் பிடிப்பது யார்? என் மகள் வந்து பிடித்த பிறகுதான் ஒரு முழுக் கை வந்தது. பதகோனியாவின் கைகளில் பெரும்பாலானவை இடக்கைகள். வலக்கையில் குழாய் இருந்திருக்கும் என்பது எல்லோரும் சொல்வதுதான். பக்கத்தில் கிண்ணத்தோடு இன்னொருவரும் நின்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. இருட்டுக் குகையாக இருந்தால் விளக்குப் பிடிக்கவும் ஒருவர் வேண்டும்.

ஊதியது காய ஒரு மணி நேரம் ஆகும். பசை கலக்காததால் அட்டையில் தேய்த்தால் கொஞ்சம் உதிரும். சுண்ணாம்புப் பாறைக் குகையில் அப்படி இல்லை. கசியும் நீர் சாயத்தின் மேல் சுண்ணாம்பை மெல்லிய ஓடாகப் படியவைக்கும். சுலவேசியின் லியாங் திம்புசெங் குகையில் ஒரு கையின் மேல் படிந்த இந்தப் படிவை அளந்துதான், அந்தக் கைக்கு வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014-ல் சொன்னார்கள்.

கை பழகிய பிறகு

ஒரு விரலை மடக்கி வைத்து ஊதிப் பாருங்கள். பிரான்ஸின் பிரெனே மலைப்பகுதியில் கார்காஸ் குகையில் பல கைகளுக்கு விரல்கள் பாதியில் நிற்கின்றன. குளிரில் கருகிப் போனவை என்றும், வெட்டிக்கொண்டவை என்றும், சைகைக்காக மடக்கியவை என்றும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். மடக்கி ஊதினாலும் அதே வடிவம் வருவதை உங்கள் அட்டையிலேயே பார்க்கலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதன் கையையும் வையுங்கள். தானாக அசையாமல் வைத்திருக்காது, மணிக்கட்டை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊதி முடித்தபின் குழந்தையின் கையோடு உங்கள் பிடியும் தடமாக விழும். கார்காஸ் சுவரிலும் அப்படி ஒரு குழந்தையின் கை இருக்கிறது, பெரியவர் ஒருவர் பிடித்த பிடியோடு.