புது ஜீப்பின் உட்புறம்: வாங்கிய கையோடு செய்யும் தவறுகள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டபோது, ஐந்து ஆண்டுகளாகப் பழைய வாகனத்தைத் தட்டிக்கொட்டி ஓட்டிவந்த யாழ்ப்பாணத்தவர் பலரைப் போல நானும் முற்பணம் கட்டினேன். தீவகத்து வீதிகளும் வடமராட்சி கிழக்கின் மணற்பாதைகளும் என் தொழிலோடு சேர்ந்தவை என்பதால், நாற்சில்லு இயக்கமுள்ள சுசுகி ஜிம்னியின் மூன்று கதவு வடிவத்தைத் தெரிந்தெடுத்தேன். வாகனத்தின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. அது வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் அதன் உள்ளே நான் வாங்கிப் பொருத்திய சாமான்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இப்போது வீட்டு விறாந்தையில் ஒரு மட்டைப் பெட்டிக்குள் கிடக்கின்றன.

காட்டுப்பாதைக்கென்று செய்யப்பட்ட வாகனத்தின் உட்புறத்தில் வெறும் இடம் என்று ஒன்று கிடையாது. நான்காம் தலைமுறை ஜிம்னி 2018இல் யப்பானில் வெளிவந்தபோதே, செங்குத்தான கறுப்பு டாஷ்போட், முன்பயணி இறுகப் பிடித்துக்கொள்ள அவருக்கு எதிரே ஒரு கைப்பிடி, நடுவில் தொகுக்கப்பட்ட யன்னல் பொத்தான்கள், துடைத்தெடுக்கக்கூடிய பிளாஸ்ரிக் முதுகுள்ள பின் சீற்றுகள் என்று ஒவ்வொரு அங்குலமும் ஏதோ ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அப்படி வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தின் மீது நாம் இன்னொன்றைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம், மாட்டுகிறோம், விரிக்கிறோம். நான் செய்த தவறுகளும், நண்பர்களின் வாகனங்களில் கண்ட தவறுகளும், ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரே வகையைச் சேர்ந்தவை.

முதலாவது, எதையும் வாங்காமலேயே செய்யும் தவறு. சீற்றுகளையும் கதவுப் பலகைகளையும் மூடி வரும் பொலித்தீன் உறையைக் கழற்ற நம்மவருக்கு மனம் வருவதில்லை. உறை இருக்கும்வரை வாகனம் புதிது என்றொரு எண்ணம். நானும் ஏழு வாரம் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்து வெக்கையில் முதுகு வியர்க்கிறது, வியர்வையின் ஈரம் உறையின் ஓரத்தால் உள்ளே இறங்குகிறது, இறங்கியது வெளியேற வழியின்றித் துணியிலேயே தங்கிவிடுகிறது. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் கதவைத் திறந்தபோது நனைந்த சாக்கின் மணம் வந்தது. உறையைக் கிழித்துப் பார்த்தால், சாரதி சீற்றின் தையலோரம் நெடுகச் சாம்பல் நிறப் பூஞ்சணம் பொட்டுப் பொட்டாகப் படர்ந்திருந்தது. வாகனம் கைக்கு வந்த அன்றே எல்லா உறைகளையும் கழற்றிவிட வேண்டும்.

உறையைக் கழற்றியவர்கள் அடுத்துச் செய்வது றெக்சின் தைப்பது. செம்பாட்டு மண்ணும் கடல் மணலும் படியும் ஊரில் துடைக்கக்கூடிய சீற் உறை வேண்டும் என்பதில் தவறில்லை. அது எப்படித் தைக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல். முன் சீற்றின் முதுகுப்பகுதியில், கதவுப் பக்கமாக, ஒரு சிறிய துணிச்சீட்டு தைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அந்த இடத்துக்குள் பக்கவாட்டுக் காற்றுப்பை மடிந்திருக்கிறது. மோதல் நிகழும்போது அது சீற்றின் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே விரிய வேண்டும். தடித்த றெக்சினால் நாற்புறமும் இறுக்கித் தைத்துவிட்டால் காற்றுப்பை சரியான நேரத்தில் சரியான திசையில் விரிய இயலாது. எனக்குத் தைத்துக் கொடுத்தவர் நல்ல கைவினைஞர், தையல் முத்து முத்தாக இருந்தது, ஆனால் துணிச்சீட்டையும் சேர்த்து மூடிவிட்டிருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, முன்னாலும் பின்னாலும் மட்டும் பிடிக்கும்படி மறுபடி தைப்பித்தேன். உறை தைக்கக் கொடுப்பவர்கள் அளவெடுக்கும்போதே அந்தச் சீட்டைக் கையால் தொட்டுக் காட்டிவிட வேண்டும்.

இனிச் சொல்வது வீட்டில் சற்று மனத்தாங்கலை உண்டாக்கிய விடயம். வாகனத்துக்கு நல்லூரில் அர்ச்சனை செய்து, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்து மிதித்துக்கொண்டு திரும்பிய அன்றே, அம்மா ஒரு சிறிய வெண்கலப் பிள்ளையாரை முன்பயணி பக்கத்து டாஷ்போட்டின் மேல் இருபுற ஒட்டுநாடாவால் ஒட்டினார். அந்த இடத்தின் கீழேதான் முன்பயணிக்கான காற்றுப்பை இருக்கிறது. அது முழுமையாக விரிய எடுக்கும் நேரம் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்களவு; கண் இமைத்து முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த வேகத்தில் கிளம்பும் வெண்கலத் துண்டு யாரை நோக்கிப் பறக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கூசுகிறது. விளக்கிச் சொன்னபோது, “பிள்ளையார் இல்லாமல் புது வாகனம் ரோட்டில இறங்கலாமோ தம்பி?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் ஸ்ரெயரிங்குக்கு வலப்புறம், காற்றுப்பைகளோ காற்றுத்துவாரமோ இல்லாத ஒரு மூலையில், கடதாசியில் அச்சிட்ட பிள்ளையார் படம் ஒன்றை ஒட்டி உடன்பாட்டுக்கு வந்தோம். வெண்கலப் பிள்ளையார் சாமியறைக்குப் போய்விட்டார். அதே முன் சீற்றில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யும் பழக்கமும் நம்மிடம் பரவலாக உண்டு. சூரிய மறைப்பில் யப்பானிய மொழியில் இருக்கும் எச்சரிக்கைச் சீட்டு விளங்கவில்லை என்று உரித்தெறிந்துவிடுகிறோம். அதிலுள்ள படத்தைப் பார்த்தாலே போதும், முன் சீற் குழந்தைக்கான இடமில்லை என்பது தெரிந்துவிடும். குழந்தைக் கதிரையைக் கொளுவும் இரும்புக் கொக்கிகள் பின் சீற்றில் இருக்கின்றன.

கண்ணாடியில் பூசும் சந்தனமும், நடுக்கண்ணாடியில் தொங்கும் மாலையும் இதே கதைதான். முன்கண்ணாடியின் உச்சியில் இருக்கும் கமரா, முன்னால் வாகனமோ ஆளோ வருவதைக் கண்டு தடை பிடிக்க உதவுகிறது. அதற்கு எதிரே கண்ணாடி துப்புரவாக இருக்க வேண்டும். திருநீறு பூச வேண்டுமென்றால் பொனற்றில் பூசலாம்.

தரை விரிப்பு பற்றி நீட்டி எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் கெட்டுப்போவது தரைதான். தொழிற்சாலை விரிப்பு அழுக்காகிவிடக் கூடாது என்று அதன் மேல் ஒரு றப்பர் விரிப்பையும், அதன் மேல் கழுவ இலகுவான இன்னொன்றையும் போட்டு மூன்றடுக்காக ஓட்டுகிறார்கள். சாரதியின் கீழுள்ள விரிப்பு கொக்கியில் மாட்டப்படாமல் முன்னோக்கி நகர்ந்தால், அதன் விளிம்பு வேகமிதியை அமுக்கிப் பிடித்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே 2009இல் அமெரிக்காவில் ரொயோட்டா நிறுவனம் இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருத்தத்துக்கு மீள அழைத்தது. சாரதி பக்கத்தில் ஒரே ஒரு விரிப்பு, அதுவும் கொக்கியில் மாட்டப்பட்டதாக, இருக்க வேண்டும்.

விரிப்பின் கீழே என்ன நடக்கிறது என்பதையும் யாரும் பார்ப்பதில்லை. உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கத்துச் செம்மண் மழைக்காலத்தில் செருப்போடு ஏறிவந்து, றப்பரின் ஓரத்தால் வழிந்து, தரைக் கம்பளத்துக்கும் அதன் கீழுள்ள பஞ்சு மெத்தைக்கும் இறங்குகிறது. மேலே றப்பர் காய்ந்திருக்கும். கீழே பஞ்சு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கும் கீழே தகரம். கடல்நீரேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்தால் அடிக்கடி போய்வருபவருக்கு உப்பும் சேர்ந்துகொள்கிறது. மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை விரிப்புகளைத் தூக்கி, கம்பளத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் கசிந்தால் கதவுகளை அகலத் திறந்து ஒரு மின்விசிறியை வைப்பது போதும்.

இதற்கு நேரெதிரான தவறு, ஜீப்தானே என்று குழாயைப் பிடித்து உள்ளே தண்ணீர் அடிப்பது. ஜீப் நிறுவனத்தின் ரங்ளர் போன்ற சில வாகனங்களில் தரையில் நீர் வடிவதற்கான அடைப்பான்கள் உண்டு. அதைக் காணொளியில் பார்த்தவர்கள் எல்லா ஜீப்பும் அப்படியே என்று நினைத்துவிடுகிறார்கள். பல வாகனங்களில் காற்றுப்பைகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி நடுப்பகுதியின் கீழே, தரையோடு ஒட்டியே இருக்கிறது. சீற்றின் கீழும் வயர் இணைப்புகள் ஓடுகின்றன. தண்ணீர் பட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து டாஷ்போட்டில் காற்றுப்பை விளக்கு அணையாமல் எரியத் தொடங்கும்.

மணற்காட்டுக்குப் போய்வந்த பிறகு வேண்டியது தண்ணீர் அல்ல, உறிஞ்சும் இயந்திரமும் ஒரு வண்ணத் தூரிகையும். மணல் முதலில் போய்ச் சேர்வது சீற் நகரும் தண்டவாளத்துக்குள். அதை எடுக்காமல் சீற்றை முன்பின் தள்ளினால் நறநறவென்று அரைபடும். எண்ணெய் விட்டால் மணலும் எண்ணெயும் சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். இரண்டாவது, சீற் பெல்ற். ஈரக் கையோடும் உப்பு உடம்போடும் ஏறிப் போட்ட பெல்ற் மணற்துகளோடு சுருளுக்குள் திரும்பிப் போகிறது, பிறகு மெதுவாக இழுபடுகிறது. அதை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்து, மேலே ஒரு துணிக் கவ்வியால் பிடித்துவிட்டு, மென்மையான சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே உள்ளே விட வேண்டும். வெளிறவைக்கும் திரவம் எதுவும் படக் கூடாது, அது இழைகளைப் பலவீனமாக்கும்.

மின் இணைப்புகளில் நான் பட்டது வேறு. மணலில் இறங்குமுன் ரயர் காற்றைக் குறைப்பதும், தார் வீதிக்கு ஏறியதும் மறுபடி அடிப்பதும் வழக்கம் என்பதால் ஒரு சிறிய காற்றடிக்கும் பம்பி வாங்கினேன். அதை உள்ளே இருக்கும் 12 வோல்ற் துவாரத்தில் செருகிய மச்சான், இரண்டாவது ரயர் பாதியில் நிற்க பியூஸை எரித்தார். அந்தத் துவாரம் தருவது 120 வாற், அதாவது 10 அம்பியர். நல்ல பம்பி ஒன்று அதைவிடக் கூடுதலாக இழுக்கும். பம்பியைப் பற்றரியில் நேரடியாகக் கவ்வ வேண்டும். எரிந்த பியூஸுக்குப் பதிலாக இருமடங்கு அம்பியர் பியூஸைப் போடும்படி ஒருவர் எனக்கு ஆலோசனை சொன்னார். நம்மூரில் இது சர்வசாதாரணமான வைத்தியம். எரிய வேண்டிய பியூஸ் எரியாவிட்டால், டாஷ்போட்டின் உள்ளே கைபோகாத இடத்தில் வயர் எரியும்.

டாஷ் கமரா பொருத்தக் கொடுத்தபோது வேறொரு பாடம். பொருத்தியவர் வயரை முன்தூணின் பிளாஸ்ரிக் மூடிக்குள் அழகாக மறைத்திருந்தார். சந்தேகத்தில் மூடியைக் கழற்றிப் பார்த்தால், வயர் திரைக் காற்றுப்பைக்கு (பக்க யன்னல்களை மறைத்து விரிவது) முன்னால் குறுக்காகப் போயிருந்தது. அது காற்றுப்பைக்குப் பின்னால் போயிருக்க வேண்டும். வாகனம் நிற்கும்போதும் பதிவு செய்யும் வசதியை அணைக்காமல் கொழும்புக்கு றெயிலில் போய் ஒன்பது நாள் நின்று திரும்பியபோது பற்றரி இறங்கிப்போயிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அது முழுக்க என் பிழை.

பொதி ஏற்றுவதில் மூன்று கதவு ஜிம்னி பொல்லாத கணக்கு. பின் சீற்றுகள் நிமிர்ந்திருக்கும்போது பின்னால் உள்ள இடம் 85 லீற்றர். திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய இரண்டு மரக்கறிப் பைகளோடு நிறைந்துவிடும். சீற்றுகளை மடித்தால் 377 லீற்றர். அந்த இடத்தில் எரிவாயு சிலிண்டரையும் அரிசிச் சாக்கையும் கட்டாமல் வைத்துவிட்டுப் புறப்படுவதே எல்லோரும் செய்வது. வாகனம் மோதி நின்றாலும் கட்டாத பொதி நிற்காமல் முன்னோக்கிப் பாயும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் பொருளிடம் உள்ள வேகம், ஏறக்குறைய 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தைத் தொடும்போது பெறும் வேகத்துக்குச் சமம். 12.5 கிலோ வாயுவோடு உருளையின் எடையும் சேர்ந்த ஒரு சிலிண்டர் பனை உயரத்திலிருந்து முதுகின் மேல் விழுவதாக நினைத்துக்கொள்ளலாம். பொதியிடத்தின் பக்கச் சுவர்களில் சிறிய திருகாணித் துளைகள் இருக்கின்றன. அவற்றில் வளையங்களைத் திருகி, பட்டியால் இழுத்துக் கட்டலாம். நான் எட்டு மாதம் கழித்தே அந்தத் துளைகளைக் கண்டேன்; அதுவரை அவற்றின் மேல் அலங்காரத் துணி ஒட்டியிருந்தது.

சில்லறைத் தவறுகள் சில உண்டு. டாஷ்போட்டைப் பளபளப்பாக்கும் திரவத்தைத் தடவினால் நண்பகல் வெயில் முன்கண்ணாடியில் தெறித்து வீதியை மறைக்கும். கறுப்பு மங்கலாக விடப்பட்டிருப்பதே அதற்காகத்தான். நாற்சில்லு இயக்கத்தை மாற்றும் நெம்புகோலில் கடைப் பைகளைத் தொங்கவிடக் கூடாது, அதன் அடியில் தண்ணீர்ப் போத்தலைச் செருகவும் கூடாது. மணலில் புதையும் அந்தக் கணத்தில், கை அங்கே தடையின்றிப் போக வேண்டும். முன்பயணியின் கைப்பிடியில் தொலைபேசித் தாங்கியைப் பூட்டாதீர்கள். குறிகாட்டுவானுக்குப் போகும் வழியில் ஒரு குழியில் விழுந்தபோது மாமியின் கை கைப்பிடியைத் தேடிப் போய்த் தாங்கியின் கூரிய ஓரத்தில் பட்டுக் கிழிந்தது. அன்று மாலையே அதைக் கழற்றினேன்.

பின்கதவு பக்கவாட்டில் திறப்பது, உதிரிச் சில்லும் அதன் மேல்தான் இருக்கிறது. வளவுக்குள் மதிலோடு ஒட்டிப் பின்னால் விட்டு நிறுத்தினால் அதைத் திறக்க முடியாது. கதவு முழுவதும் திறக்கும் அளவுக்கு எட்டி நிறுத்தும் இடத்தில், நான் இப்போது வளவில் ஒரு கல்லைப் புதைத்து வைத்திருக்கிறேன்.